விமானத்தையும் ஓட்டினோம், ஆளையும் ஓட்டினோம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஆண்டு முழுவதும் என் ஆறு மணித் திசையை, அதாவது முதுகுப்புறத்தை, பார்த்துக்கொண்ட சக விமானிகளே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவிலிருந்து இன்றுவரை நம் மெய்நிகர் போர் விமானக் குழு என்ன செய்தது என்பதை உங்கள் முன் வைக்கிறேன். சுருக்கமாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சர்வர் இரண்டு முறை பறக்கும் நேரத்திலேயே படுத்துவிட்டது; இரண்டு முறையும் அன்றிரவே எழுப்பிவிட்டோம். அதற்காகக் கண் விழித்த இருவருக்கும் நன்றி. ஆண்டின் முதல் பாதியில் ஐஎல்-2, கிளிஃப்ஸ் ஆஃப் டோவர் என்ற இரண்டு கணினி விமான விளையாட்டுகளிலும் பழைய உந்துசுழலி விமானங்கள், இரண்டாம் பாதியில் டிசிஎஸ் என்ற விளையாட்டில் ஜெட்கள் என்று முடிவு செய்திருந்தோம். ஜெட்களுக்கு மாற மனம் வராமல் முதல் பாதி கொஞ்சம் நீண்டுவிட்டது.

இனி விரிவாகப் பேச வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர், பறக்கும்போது நாம் ஒருவரையொருவர் கிண்டல் செய்வதை அடியோடு நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஓராண்டு கவனித்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று பொதுக்குழு ஒத்திவைத்தது. கவனிக்கும் பொறுப்பு செயலாளராகிய என்னிடம் வந்தது. ஆகவே இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

நம் மொழியில் விமானத்தையும் ஓட்டுகிறோம், ஆளையும் ஓட்டுகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல்தான். இந்த ஆண்டு நான் கேட்ட கிண்டல்களில் பலவும், யாரும் திட்டமிடாமலே பாடமாக மாறியிருக்கின்றன.

நம்மில் மூத்தவர் ஒருவர், 2001-ல் ஐஎல்-2 வெளிவந்தபோதே பறக்கத் தொடங்கியவர். ஒரு நாள் ஜெர்மானியப் போர் விமானமான ஃபோக்-வுல்ஃப் 190-ல் மேகத்துக்குள் சுற்றிச் சுற்றிச் சண்டை போட்டுவிட்டு, எரிபொருள் தீரப்போகும் நிலையில் கீழே ஓடுதளத்தைக் கண்டு இறங்கினார். அழகான இறக்கம். மூன்று சக்கரமும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, "பத்திரமா இறங்கிட்டேன்பா" என்றார். வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் மெல்லக் கேட்டார்: "அண்ணே, பக்கத்துல நிக்கிற விமானத்து வால்ல என்ன சின்னம் போட்டிருக்கு?" சில விநாடி ஒரு சத்தமும் இல்லை. பிறகு, "நட்சத்திரம்... சிவப்பா இருக்கு" என்றார். சோவியத் தளம், அன்று நமக்கு எதிரி. அந்தத் தளத்தின் விமான எதிர்ப்புப் பீரங்கிகளை நம் குண்டுவீச்சாளர்கள் சற்றுமுன்தான் அழித்திருந்தார்கள். அதனால்தான் அவரை யாரும் சுடவில்லை.

அன்று சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கியதும் ஒருவர் அர்மின் ஃபாபரின் கதையை எடுத்தார். 1942 ஜூன் 23 அன்று ஜெர்மானிய விமானி ஃபாபர், பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களுடன் மோதிவிட்டு, திசை தப்பிப் பறந்து, பிரிஸ்டல் கால்வாயை ஆங்கிலக் கால்வாய் என்று நினைத்து, பிரான்சுக்கு வந்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் வேல்ஸிலுள்ள பெம்ப்ரே தளத்தில் இறங்கினார். அது பிரிட்டிஷ் விமானப்படையின் தளம். சேதமில்லாத ஃபோக்-வுல்ஃப் 190 ஒன்று பிரிட்டிஷார் கையில் முதன்முதலாகக் கிடைத்தது அப்படித்தான். உண்மையான போரில், பயிற்சி பெற்ற விமானிக்கே நேர்ந்த தவறு என்று தெரிந்ததும் நம் மூத்தவர் தலை நிமிர்ந்து பேசத் தொடங்கினார். அன்றிலிருந்து யார் இறங்கப் போனாலும் இன்னொருவர் "சின்னம் பாத்தாச்சா?" என்று கேட்கிறார். கேட்டதும் கை தானாகத் திசைகாட்டிக்குப் போகிறது. அதன்பின் ஒருவர்கூட எதிரித் தளத்தில் இறங்கவில்லை. பயிற்சிக் குறிப்பில் பத்து வரி எழுதி நான் சாதிக்காததை இந்த இரண்டு சொல் சாதித்துவிட்டது.

ஐ-16 என்ற பழைய சோவியத் போர் விமானத்தை ஓட்டும் நம் இளைய உறுப்பினரையும் குறிப்பிட வேண்டும். அந்த விமானத்தில் சக்கரங்களை உள்ளே இழுக்க விமானி கைப்பிடியை 44 முறை சுற்ற வேண்டும். இவர் மேலெழுந்ததும், சக்கரம் ஏறி முடியும்வரை வாய்விட்டு எண்ணுவார். "பன்னிரண்டு... பதிமூன்று..." நாங்கள் எல்லோரும் காத்திருப்போம். ஒருமுறை முப்பத்தொன்று என்று சொல்லும்போது மேலிருந்து எதிரி பாய்ந்துவிட்டார். "முப்பத்தொண்ணு, ஐயோ, முப்பத்திரண்டு" என்று எண்ணிக்கையை விடாமலேயே அவர் வளைந்து தப்பியதைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். இப்போது நம் குழுவில் "நாற்பத்து நாலு" என்றால் "கொஞ்சம் பொறுங்கள்" என்று பொருள். யாராவது இருக்கையிலிருந்து எழுந்து போனால்கூட "நாற்பத்து நாலு" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

ஸ்பிட்ஃபயர் கட்சிக்கும் ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 கட்சிக்கும் நடக்கும் வாக்குவாதம் இந்த ஆண்டும் தீரவில்லை. தீரவும் வேண்டாம். தொடக்ககால ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினில் மிதவை வைத்த கார்புரேட்டர். மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் எரிபொருள் சீராகப் போகாமல் எஞ்சின் திணறும். 109-ன் எஞ்சினில் எரிபொருள் நேரடியாகப் பீய்ச்சப்படுவதால் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே ஸ்பிட்ஃபயர் திணறும் ஒவ்வொரு முறையும் எதிர்க்கட்சியிலிருந்து "என்ன, இருமலா?" என்று ஒரு குரல் வரும். பதிலடி ஓடுதளத்தில் கிடைக்கும். 109-ன் சக்கரக் கால்கள் உடலோடு இணைந்தவை, இடைவெளி குறுகலானது. கொஞ்சம் அசந்தால் தரையிலேயே சுழன்று இறக்கை உரசும். அப்போது ஸ்பிட்ஃபயர் கட்சி ஒரே குரலில், "காலை அகட்டி வச்சு நில்லுங்க சார்!" என்று சொல்லும்.

இந்தச் சண்டையில் எனக்கு மிகப் பிடித்தது ஒன்று. ஸ்பிட்ஃபயர் ஏன் திணறுகிறது என்று புரியாமல் புதியவர் ஒருவர் திண்டாடியபோது, அதை அவருக்கு உட்கார்ந்து விளக்கியவர் 109 கட்சியின் தலைவர்தான். பிரிட்டிஷ் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங் 1941-ல் நடுவில் துளையிட்ட சிறு உலோகத் தடுப்பு ஒன்றைப் பொருத்தி அந்தக் குறையை எப்படி வெகுவாகத் தணித்தார், அவர் மோட்டார் சைக்கிள் பந்தய வீராங்கனையும்கூட என்றெல்லாம் சொல்லிவிட்டு, தடுப்பு இல்லாத பழைய விமானத்தில் மூக்கைத் தள்ளாமல் முதலில் உருண்டு தலைகீழாகி, பிறகு இழுத்து இறங்கினால் எஞ்சின் நிற்காது என்று கற்றும் கொடுத்தார். மறுவாரம் அந்தப் புதியவர் அதே உத்தியால் அவரையே சுட்டு வீழ்த்தினார். "சொல்லிக் கொடுத்தது என் தப்பு" என்று அவர் சொன்னபோது அவர் குரலில் இருந்த பெருமிதம் எல்லோருக்கும் கேட்டது.

இனி சொல்லப்போவது கசப்பானது. தீர்மானம் கொண்டுவந்த உறுப்பினர் எதை அஞ்சினாரோ அது இந்த ஆண்டு நடந்தது.

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், தன் மூன்றாவது பறத்தலில், தன் அணித்தலைவரையே எதிரி என்று நினைத்துச் சுட்டுவிட்டார். சூரியனுக்கு எதிரே கறுப்பு நிழலாகத் தெரிந்த விமானம், யாருக்கும் நேரக்கூடியதுதான். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அன்றோடு விட்டிருக்க வேண்டும். அடுத்த இரண்டு வாரமும் அவர் உள்ளே நுழையும்போதெல்லாம் யாராவது "பிரேக், பிரேக், தம்பி வந்துட்டாரு!" என்று கத்தினோம். வானில் பிரேக் என்றால் சட்டென்று வளைந்து தப்பு என்று பொருள். கத்தியவர்களில் நானும் ஒருவன். முதல் நாள் சிரித்தார். பிறகு சும்மா இருந்தார். பிறகு வரவில்லை.

நான் அவரைத் தனியே அழைத்துப் பேசினேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க எல்லாரும் பல வருஷம் சேர்ந்து பறந்தவங்க அண்ணே. உங்களுக்குள்ள சொல்லிக்கும்போது அது விளையாட்டு. நான் இன்னும் உங்களோட ஒரு தடவைகூட முழுசாப் போயிட்டுத் திரும்பி வரலையே" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. எதிரித் தளத்தில் இறங்கிய மூத்தவரை நாம் ஓட்டுகிறோம் என்றால், அவர் நம் ஒவ்வொருவரின் வாலையும் எத்தனையோ முறை காப்பாற்றியவர். அந்த உரிமையில் ஓட்டுகிறோம். இந்தத் தம்பியிடம் நமக்கு அந்த உரிமை இன்னும் வரவில்லை. எடுத்துக்கொண்டது தவறு. செயலாளராக அதை முதலில் உணர்ந்திருக்க வேண்டியவன் நான். பொதுக்குழு முன்னிலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன்பின் செயற்குழு அவசரமாகக் கூடியது. அன்று நம் மூத்தவர் பேசியதை அப்படியே பதிவு செய்ய விரும்புகிறேன். பிரிட்டன் போர் அறிவித்து மூன்றே நாளில், 1939 செப்டம்பர் 6 அன்று, பிரிட்டிஷ் விமானப்படையின் 74-வது ஸ்குவாட்ரன் என்ற பிரிவின் ஸ்பிட்ஃபயர்கள் தங்கள் நாட்டின் 56-வது ஸ்குவாட்ரனைச் சேர்ந்த இரண்டு ஹரிகேன் போர் விமானங்களையே சுட்டு வீழ்த்தின. ஒரு விமானி இறந்தார். வான்சண்டைக்கு எட்டு விதிகளை வகுத்துக் கொடுத்த முதல் உலகப் போர் ஜெர்மானிய விமானி ஓஸ்வால்ட் பொல்கே 1916 அக்டோபர் 28 அன்று இறந்தது எதிரியின் குண்டால் அல்ல, தன் அணி விமானத்தோடு மோதியதால். "அவங்களுக்கு மறுபடி பறக்க வாய்ப்பு இல்ல. நமக்கு ஒரு பொத்தானை அமுக்கினா புது விமானம் வருது. அந்த வசதியை அந்தப் பையனுக்கு நாம கொடுக்கலையே" என்றார்.

கிண்டலை அடியோடு நிறுத்துவது என்ற யோசனை மீண்டும் வந்தது. நான் எதிர்த்தேன். "சின்னம் பாத்தாச்சா?" போய்விட்டால் நம் குழுவில் மிச்சமிருப்பது ஒரு சர்வரும் ஒரு அட்டவணையும்தான். நீண்ட விவாதத்துக்குப் பிறகு ஒரே ஒரு விதி நிறைவேறியது: ஒருவரை ஓட்டியவர், அன்றே அவருக்கு விங்மேனாக, அதாவது பக்கத்தில் பறந்து காக்கும் துணை விமானியாக, ஒரு முழுப் பறத்தல் போய்த் திரும்ப வேண்டும். அதோடு, மோதல் தொடங்கியதும் வானொலியில் சங்கேதச் சொற்கள் மட்டும். எரிபொருள் திரும்பும் அளவுக்கு வந்துவிட்டால் பிங்கோ, ஆயுதம் தீர்ந்தால் வின்செஸ்டர், எதிரி கண்ணில் படவில்லை என்றால் நோ ஜாய். மற்றதெல்லாம் வீட்டுக்குத் திரும்பும் வழியில் பேசிக்கொள்ளலாம். (ஸ்பிட்ஃபயரின் எட்டுத் துப்பாக்கிகளுக்கும் சேர்த்துச் சுமார் 15 விநாடிச் சுடுகைக்குத்தான் குண்டு உண்டு. அதை முதல் பாய்ச்சலிலேயே தீர்த்துவிட்டு வின்செஸ்டர் சொல்பவரைத் திரும்பும் வழியில் ஓட்டுவதற்குத் தடை இல்லை.)

தம்பியிடம் விதியைச் சொல்லி அழைத்தோம். முதலில் அவருக்கு விங்மேனாகப் போனவர், அவரால் சுடப்பட்ட அதே அணித்தலைவர். பறப்பதற்கு முன் இருவரும் கேமரா முன் உட்கார்ந்து இரண்டு இரண்டு தீக்குச்சிகளை மேசையில் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். 1941-ல் அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் தாச், வேகமாக வளையும் ஜப்பானிய ஜீரோவைத் தன் மெதுவான வைல்ட்கேட்டால் எப்படிச் சமாளிப்பது என்று மேசைமேல் தீக்குச்சிகளை வைத்துத்தான் கண்டுபிடித்தார். இருவர் இடைவெளி விட்டுப் பறப்பது. ஒருவர் வாலில் எதிரி வந்தால் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் திரும்பிக் குறுக்கே கடப்பது. துரத்தி வருபவர் தானாக மற்றவரின் துப்பாக்கி முன் வந்து நிற்பார். அடுத்த ஆண்டு மிட்வே சண்டையில் அது உதவியது.

நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். அணித்தலைவர் வாலில் ஒரு ஜீரோ ஒட்டிக்கொண்டது. "இப்ப என் பக்கம் திரும்புங்க அண்ணே." தம்பியின் குரல் நடுங்கியது. அதே அணித்தலைவர், அதே போல நேர் எதிரே, சூரியனும் அந்தப் பக்கமே. இந்த முறை அவர் சுடவில்லை, அணித்தலைவர் கடந்து போகும்வரை பொறுத்தார். பிறகு இரண்டு விநாடி சுட்டார். ஜீரோ தீப்பிடித்து உருண்டது. யாரும் பேசவில்லை, மோதல் விதி அப்படி. தளத்துக்குத் திரும்பும் வழியில், சக்கரத்தை இறக்கியபடி தம்பியே சொன்னார்: "பிரேக், பிரேக், தம்பி வந்துட்டான்." அணித்தலைவர் உடனே, "சின்னம் பாத்தியா?" என்றார்.

விதி வந்தபின் புதிதாகச் சேர்ந்தவர்கள் அனைவரும் இன்றுவரை நம்மோடு பறக்கிறார்கள். ஆகவே ஒத்திவைத்த தீர்மானத்தைக் கைவிட்டு, செயற்குழுவின் விதியை நிரந்தரமாக்கும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். தீர்மானம் கொண்டுவந்தவரும் இதற்கு இசைந்திருக்கிறார். அவர் அன்று எழுந்து பேசாமல் இருந்திருந்தால், தம்பி விலகியதை நாங்கள் கவனித்திருப்போமா என்பதே சந்தேகம்.

செய்யாமல் விட்டவை: ஜெட்களுக்கான பயிற்சி அட்டவணை பாதியில் நிற்கிறது. வான்வழி எரிபொருள் நிரப்பலில் குழாயோடு இணைந்தவர்களைவிட முட்டி மோதியவர்களே அதிகம். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் இருவரில் ஒருவர் அடுத்த ஆண்டு ஓய்வு கேட்டிருக்கிறார். அவர் இடத்துக்கு முன்வருபவர்கள் இன்றே பெயர் கொடுக்கலாம்.

வரும் சனிக்கிழமை முதல் பறத்தலுக்கு அணித்தலைவர் நம் தம்பி. அவருக்கு விங்மேன் நான்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்