எடை ஏறிய வாரங்களில் உடன் நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எடை இறங்குகிற வாரத்தில் கைதட்ட ஆள் நிறைய உண்டு. இறங்காமல் நின்ற வாரத்திலும் ஏறிப்போன வாரத்திலும் எங்கள் காலை நடைக் குழுவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி உணவியல் ஆலோசகர் அம்மாவுக்கு. எடை பார்க்கும் வழக்கத்தையே அவர்தான் சீர்செய்தார். காலையில் கழிவறை போய்வந்த பின், காபி குடிக்கும் முன், எடை குறைந்த ஒரே மாதிரி உடையில், சமமான தரையில் எப்போதும் அதே இடத்தில் மெஷினை வைத்து ஏற வேண்டும். ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்து, போன வாரச் சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும். திங்கள் 82.4, செவ்வாய் 83.3 என்று ஏறியிருந்தாலும், வாரச் சராசரி 83.0-இலிருந்து 82.7-க்கு வந்திருந்தால் அது இறக்கம்தான்.

கல்யாண விருந்துக்கு மறுநாள் ஒன்றரை கிலோ கூடியதைக் கண்டு மனம் உடைந்தவர்களிடம் அவர் கணக்கைப் பிரித்துச் சொன்னார். அப்பளம், ஊறுகாய், சாம்பார் வழியே போன உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. சோறும் பாயசமும் உடம்பு சேமித்துவைக்கும் மாவுச்சத்தான கிளைகோஜனாகச் சேரும்போது, அதன் ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 3 கிராம் நீரும் கூடவே சேர்கிறது. ஒரு கிலோ கொழுப்பு கூட வேண்டுமானால், அன்றாடத் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். ஒரு பந்தியில் அது நடக்கிற காரியம் இல்லை. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் அந்த நீர் இறங்கிவிடும். கெடுதல் வருவது விருந்தால் அல்ல, மறுநாள் பட்டினியால். பகல் முழுக்க வயிற்றைக் காயப்போட்டால் சாயங்காலம் பஜ்ஜிக் கடையில்தான் போய் முடியும். ஆகவே மறுநாள் காலை வழக்கம்போல மூன்று இட்லி, ஒரு கப் சாம்பார், ஒரு அவித்த முட்டை. பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டிய நாள்களிலும் நீர் கூடும். போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடச் சொன்னார். இந்த ஒரு விளக்கம் பலருடைய கண்ணீரைத் துடைத்தது.

அடுத்து, வீட்டில் அடுப்படியைப் பார்த்துக்கொள்பவர்கள். இரண்டு மூன்று மாதம் நன்றாக இறங்கிய எடை சட்டென்று நின்றுபோகும். இளைத்த உடம்புக்குத் தேவை குறைவு என்பது ஒரு காரணம். கரண்டி அளவு மெல்லக் கண் அளவாக மாறிப்போவது இன்னொன்று. நாங்கள் பார்த்தவரை இரண்டாவதே அதிகம். எண்ணெய் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன்மேல் தேதி எழுதிவைத்தீர்கள். ஆளுக்கு மாதம் அரை லிட்டர், நான்கு பேர் வீட்டுக்கு 2 லிட்டர். 20-ஆம் தேதியே தீர்ந்தால் எடை ஏன் நின்றது என்று வேறெங்கும் தேட வேண்டியதில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே சுமார் 120 கலோரி. சோற்றையும் பத்து நாள் மறுபடி கப்பால் அளந்து போட்டீர்கள். சோறு குறைந்த தட்டில் சுண்டலும் கீரையும் கூடியதால் பசி தெரியவில்லை. உங்களுக்கு வேலை கூடியது எங்களுக்குத் தெரியும்.

டீக்கடை அண்ணனுக்கு: கேட்காமலே சர்க்கரையைத் தனியாக வைத்தீர்கள். டீக்கு இரண்டு ஸ்பூன், நாளுக்கு நான்கு டீ என்றால் அதுவே 160 கலோரி.

மருத்துவருக்கு நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். எல்லாம் சரியாகச் செய்தும் இறங்காதவர்களைச் சோம்பேறி என்று சொல்லாமல் மாத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டக்கூடும். தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் பேச வேண்டும். தைராய்டு மாத்திரையைக் காபியோடு விழுங்கினால் அது சரியாக உடம்பில் சேராது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். 2006-இல் வெளிவந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வையும் அவர்தான் எடுத்துச் சொன்னார். சர்க்கரை நோயின் வாசலில் இருந்த 531 பேரில், உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் சராசரி எடையோ பெரிதாக மாறவில்லை. முள் அசையாத மாதத்திலும் உள்ளே நன்மை நடக்கிறது என்பதற்கு இதைவிட என்ன ஆறுதல் வேண்டும்!

தையல்காரர் கொடுத்த டேப்புகள் இன்றும் பயன்படுகின்றன. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் இடுப்புச் சுற்றளவை அளக்கிறோம். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

முழங்கால் வலியால் நடையை அடியோடு விட இருந்தவர்களுக்கு, அரை மணி நடையைச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிடமாக மூன்றாகப் பிரித்துக் கொடுத்தார் பிசியோதெரபிஸ்ட். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்தாக மூன்று முறை செய்யவைத்தார். வலி கூடினால் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னார். அவருக்கும் நன்றி.

கடைசியாக, காய்ச்சலோ ஊர்த் திருவிழாவோ முடிந்து பதினைந்து நாள் கழித்து வந்தவர்களிடம், “என்ன, மறுபடியும் உடம்பு போட்டுடுச்சா?” என்று ஒருமுறைகூடக் கேட்காத உறுப்பினர்களுக்கு. “நாளைக்கு அஞ்சரைக்கு வாங்க, பத்து நிமிஷம் மட்டும் நடப்போம்” என்று போன் செய்தீர்கள். முதல் வாரம் பாதித் தூரம்தான் என்று நீங்களும் அவர்களோடு மெதுவாக நடந்தீர்கள்.

நன்றியுடன்,
காலை நடைக் குழுவினர், மதுரை