மேசை கேட்ட அம்மாவிடம் நான் கேட்காதது

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. மூன்று தடவை வரைந்து காட்டியும் புத்தக அலமாரி கேட்டவர் "இது இல்லை" என்கிறார், அவருக்கே என்ன வேண்டுமென்று தெரியவில்லை என்றாய். பட்டறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, நின்று பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவருக்குத் தெரியும் கண்ணு. மரவேலைக்காரன் பாஷையில் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

நீ பிறப்பதற்கு முன்னால் ஒரு அம்மா மேசை கேட்டு வந்தார். நாலடிக்கு இரண்டடி, உயரம் 30 இஞ்ச் என்று சீட்டில் எழுதியே கொண்டுவந்தார். அளவுதான் கைக்கு வந்துவிட்டதே என்று நான் ஒன்றுமே கேட்கவில்லை. தேக்கில், இணைப்பு தெரியாமல் இழைத்துக் கொடுத்தேன். சில மாதம் கழித்து வேறு வேலையாக அந்த வீட்டுக்குப் போனால், மேசைமேல் தையல் மிஷின். துணி ஓடும் இடம் மேசையைவிட மூன்று இஞ்ச் உயரத்தில் இருந்தது. தோளைத் தூக்கித் தூக்கித் தைத்துக்கொண்டிருந்தார். "மேசை ரொம்ப நல்லா இருக்கு" என்றுதான் சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே போய் நாலு காலிலும் மூன்று இஞ்ச் அறுத்துவிட்டு வந்தேன். இதில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

அதனால் நாலாவது படம் வரையாதே. அவர் வீட்டுக்குப் போ. புத்தகங்கள் இப்போது எங்கே கிடக்கின்றன என்று பார். இருக்கிற அலமாரியில் எது தொந்தரவு என்று கேள். பிடித்ததைச் சொல்லத் தடுமாறுகிறவர்கள்கூடத் தொந்தரவைக் கடகடவென்று சொல்லிவிடுவார்கள். இருப்பதிலேயே உயரமான புத்தகத்தை எடுத்து அளந்துகொள். பணம் கொடுப்பவர் ஒருவர், தினமும் புழங்குபவர் இன்னொருவர் என்றால் இருவரையும் உட்கார வைத்துப் பேசு.

நடுவில் தாங்கல் இல்லாமல் நீளமாக வேண்டும் என்கிறாராமே. முக்கால் இஞ்ச் பலகை மூன்றடி தாண்டினால் புத்தக எடைக்குத் தொய்ந்துவிடும். நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு 16 மடங்கு. பலகையின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகிவிடும். இதை மறைக்காமல் சொல்லு. தாங்கலா, தடிமனான பலகையா, அவரே முடிவு செய்யட்டும்.

நிறத்தை வாயால் பேசி முடிக்காதே. "பிரவுன்" என்றால் ஆளுக்கொரு பிரவுன். அதே மரத்துண்டில் இரண்டு மூன்று பாலீஷ் அடித்து அவர் அறையிலேயே வைத்துவிட்டு வா, பகல் வெளிச்சத்திலும் ராத்திரி விளக்கிலும் பார்க்கட்டும். அட்டையை வெட்டிச் சுவரில் ஒட்டி, அகலம் உயரம் இரண்டையும் காட்டு. வெறும் எண்ணைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள் அட்டையைப் பார்த்ததும் "ஐயோ, இவ்வளவு பெரிசா?" என்பார்கள். மரத்தை அறுப்பதற்கு முன்னால் அந்த "ஐயோ" வரட்டும்.

முடிவானதை எழுதிக் கையெழுத்து வாங்கு. அதற்குப் பிறகு மாற்றினால் கூடுதல் கூலி என்பதையும் கூச்சப்படாமல் அதிலேயே எழுது.

போகும்போது மாடிப்படி திரும்பும் இடத்தையும் அளந்துகொண்டு வா. அலமாரி மேலே ஏற வேண்டுமே.

அன்புடன்,
அப்பா