வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிகளில் இணையவழிக் கற்பித்தல் வளர்ந்துவிட்டது என்று மேடைதோறும் பேசுகிறார்கள். அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் தமிழ் நடத்துகிறவள் நான். என் கண்ணுக்கு வளர்ந்ததாகத் தெரிவது வாட்ஸ்அப் குரூப். வகுப்புக்கு ஒன்று, துறைக்கு ஒன்று, என்எஸ்எஸ்ஸுக்கு ஒன்று, அரியர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று.

2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடியபோது வேறு வழி இல்லை, கைக்குக் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றினோம். 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை 9.69 லட்சம் மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசம் என்று தமிழக அரசே அறிவித்த காலம் அது. சரி, அவசரத்துக்குச் செய்தது. கல்லூரி திறந்து இத்தனை வருஷம் ஆகியும் அதிலேயே உட்கார்ந்திருக்கிறோமே, அதுதான் எனக்குப் புரியவில்லை.

குரூப்பில் சேர்ந்த நிமிடத்திலேயே ஒரு மாணவியின் நம்பர் எல்லோருக்கும் போய்விடுகிறது. அப்புறம் ராத்திரி பதினோரு மணிக்கு 'ஹாய்' வருகிறது என்று தயங்கித் தயங்கிச் சொல்கிற பிள்ளைகளுக்கு, பிளாக் பண்ணிவிடு என்பதைத் தவிர நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்? பாடக் குறிப்பு போட்டால் கட்டண அறிவிப்புக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் அடியில் போய்விடும், தேர்வு நேரத்தில் தேடினால் ஃபைல் திறக்காது, 'மேம், திரும்ப அனுப்புங்க' என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். சந்தேகம் மட்டும் யாரும் கேட்பதில்லை. துறைத் தலைவர் உட்பட அத்தனை பேர் பார்க்கிற இடத்தில் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? அவர்கள் பேசிக்கொள்வதெல்லாம் நாம் இல்லாத இன்னொரு குரூப்பில்.

கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் கொடுக்கிற நாக் (NAAC) குழு வரும்போது மட்டும் இதற்குப் பெரிய மவுசு. குரூப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து 'ஐசிடி வழிக் கற்பித்தல்', அதாவது தகவல் தொழில்நுட்பம் வழிக் கற்பித்தல், என்று கோப்பில் ஒட்டுகிற வேலையை நானும் பார்த்திருக்கிறேன்.

மூடுல் (Moodle) என்று, இணையத்தில் பாடம் நடத்துவதற்கான மென்பொருள் ஒன்று 2002 முதல் இருக்கிறது, அதற்குக் காசு இல்லை, கல்லூரி சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். பாடம் பாடவாரியாக அடுக்கியிருக்கும், யார் ஒப்படைப்புக் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று தெரியும், ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரிய வேண்டியதில்லை. கல்லூரி வைஃபையில் இறக்கிக்கொண்டு, சிக்னல் இல்லாத ஊரிலும் செயலியில் படிக்கலாம். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், உண்மைதான். பல கல்லூரிகளில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று இருப்பவர் ஒருத்தர், அவர் பிரிண்டர் சரிசெய்யவே நேரம் போதாமல் ஓடிக்கொண்டிருப்பார். ஆனால் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக மெனக்கெட வேண்டியதே இல்லை, பல்கலைக்கழகமே எல்லோருக்குமாக ஒன்றை வைக்கலாம்.

தமிழ்த் துறைக்கு இணையத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிற சக ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரைத் திட்டம் 1998 முதல் சங்க இலக்கியம் தொட்டு எத்தனையோ நூல்களை இலவசமாகத் தருகிறது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கிறது. பிள்ளைகள் இன்னும் கைடுதான் வாங்குகிறார்கள், ஏனென்றால் நாம் கேட்கிற கேள்விக்கு கைடு போதும். ஒரு பருவத்தில் ஒப்படைப்புக்குப் பதிலாக, தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் பக்கத்து ஊர்களைப் பற்றிய கட்டுரைகளைத் திருத்தி விரிவாக்குங்கள் என்று சொன்னேன். முன்பின் தெரியாத யாரோ ஒரு பயனர் 'சான்று தேவை' என்று குறி போட்டதும், அதுவரை நான் எத்தனை தடவை சொல்லியும் ஏறாத அடிக்குறிப்பு விஷயம் அவர்களுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது, நூலகத்தில் மாவட்ட விவரச் சுவடியை (கெசட்டியர்) தேட ஆரம்பித்தார்கள். இதற்கெல்லாம் சிலர் இன்ஸ்டாகிராம் கணக்கு கட்டாயம் என்கிறார்கள், அது வேண்டாம். போன் கொடுக்கவே யோசிக்கிற வீடுகளிலிருந்து வருகிறவர்கள் நம் மாணவிகள்.

பல்கலைக்கழகங்கள் தங்கள் இணைப்புக் கல்லூரிகள் அனைத்துக்குமாக ஒரு பொது மூடுல் தளம் வைத்து, அதை நிர்வகிக்க நிரந்தரப் பணியிடம் உருவாக்க வேண்டும். அதில் பாடம் தயாரிக்கிற நேரத்தை ஆசிரியரின் பணி நேரமாகவும் கணக்கிட வேண்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் உயர்கல்வித் துறை இதைச் செய்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
உதவிப் பேராசிரியர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்.