குழந்தையின் தலைக்கு மேலே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழலையர் வகுப்பு ஆசிரியர்களின் தொழில் நெறி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அடிப்பது, மிரட்டுவது, அறையில் தனியாகப் பூட்டி வைப்பது என்று பெரிய குற்றங்களைப் பற்றியே அது பேசியது. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் மூன்று நான்கு வயதுக் குழந்தைகளோடு 26 வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் கையைவிட வாய்தான் அதிகம் தவறு செய்கிறது.

என் வாயிலிருந்தே தொடங்குகிறேன். பெற்றோர் வந்து பிள்ளைகளை அழைத்துப் போகும் நேரம். பக்கத்து வகுப்பு டீச்சர் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். ஒரு பையன் என் காலடியில் உட்கார்ந்து நூலில் மணி கோத்துக்கொண்டிருந்தான். "இவன் இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டார். "எங்க, இன்னும் நனைச்சுக்கிட்டுத்தான் இருக்கான். வீட்ல ஏதோ சண்டை போல" என்றேன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வோமே, அந்த மாதிரி. பேச்சு முடிந்து கீழே பார்த்தேன். அவன் கை நின்றிருந்தது. நூல் நுனி ஒரு நீல மணியின் துளையில் பாதி நுழைந்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நூலை உருவி, கோத்த மணிகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் திரும்பப் போட ஆரம்பித்தான்.

மறுநாளிலிருந்து கழிப்பறை போக வேண்டுமென்றால் என்னிடம் சொல்ல மாட்டான். என்னைத் தாண்டி ஆயாவிடம் போவான். நான் மண்டியிட்டு உட்கார்ந்து, "உன்னைப் பத்தி மிஸ் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று சொன்னேன். "ம்" என்றான். மறுபடி என்னிடம் வந்து "மிஸ், ஒண்ணுக்கு" என்று சொல்ல மூன்று வாரம் ஆயிற்று.

ஒரே மூச்சில் இரண்டு ரகசியங்களை அவிழ்த்துவிட்டேன். ஒன்று அவன் உடம்பைப் பற்றியது, இன்னொன்று அவன் வீட்டைப் பற்றியது. ஒரு மருத்துவர் தன் நோயாளியைப் பற்றி வராந்தாவில் நின்று இப்படிப் பேசினால், அந்த நோயாளி மறுநாளே புகார் எழுதுவார். மூன்று வயதுப் பிள்ளை என்ன எழுதும்? லிலியன் கேட்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களிலேயே இதைத்தான் சொன்னார்: நம் பொறுப்பில் இருப்பவர் எவ்வளவு சிறியவரோ, அவர் எதிர்த்து நிற்கும் பலம் அவ்வளவு குறைவு, அதனால் நமக்கு எழுதி வைத்த நெறி அவ்வளவுக்கு அதிகம் தேவை.

அந்த நாட்டில் இளஞ்சிறார் கல்விக்கான தேசியச் சங்கம் 1989-இல் அப்படியொரு நெறித் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தைக்குத் தீங்கு செய்ய மாட்டோம் என்பது அதன் முதல் விதி. மற்ற எல்லா விதிகளுக்கும் இதுவே முந்தியது என்று அதிலேயே இருக்கிறது. குடும்பத்தின் அந்தரங்கத்தைக் காப்பதும் அதில் உண்டு. அதே 1989 நவம்பரில்தான் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும் வந்தது. அதன் 16-ஆவது பிரிவு குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு என்கிறது. இத்தனை வயதுக்கு மேல்தான் என்று அதில் ஒரு வரம்பும் போடவில்லை.

இதையெல்லாம் ஆசிரியர் ஓய்வறையில் எடுத்துச் சொன்னால் சிரிப்பார்கள். "சின்னப் பிள்ளைக்கு என்ன புரியப்போகுது?" என்பதுதான் பதில். புரியாது என்றால் அந்த நீல மணி ஏன் பாதியில் நின்றது?

இப்போது வாய் போதாதென்று செல்போனும் சேர்ந்திருக்கிறது. முதல் நாள் அம்மாவைத் தேடி அழுத குழந்தையை வீடியோ எடுத்து, சிரிக்கும் பொம்மை முகம் ஒன்றை ஒட்டி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். இருபது முப்பது பெற்றோர் பார்க்கிறார்கள், அவர்கள் யாருக்கு அனுப்பினார்களோ தெரியாது. "எல்லா அப்பா அம்மாகிட்டயும் கையெழுத்து வாங்கியாச்சு" என்கிறது நிர்வாகம். வாங்கியிருக்கலாம். போனைத் தூக்கியதும் முகத்தை மூடிக்கொள்கிற குழந்தையின் கையெழுத்து எது? முகத்தை மூடியதுதான். எனக்கு அவ்வளவு போதும். போனைக் கீழே வைத்துவிடுவேன்.

அப்படியென்றால் எதையுமே வெளியே சொல்லக் கூடாதா என்று கேட்பார்கள். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. வட்டமாக உட்கார்ந்து கதை பேசும் நேரத்தில் பிள்ளைகள் வீட்டையே கொண்டுவந்து கொட்டுவார்கள். "எங்கப்பா நேத்து தட்டைத் தூக்கி எறிஞ்சாரு." பெரும்பாலும் இது என்னோடு நிற்க வேண்டிய செய்தி. அதே குழந்தை சட்டையைத் தூக்கும்போது முதுகில் தழும்பு தெரிந்தால், நிச்சயமாக என்னோடு நிற்கக் கூடாத செய்தி. பொறுப்பில் இருப்பவரிடம் அன்றைக்கே சொல்லியாக வேண்டும். நான் சொன்ன அந்த நெறித் தொகுப்பும், குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால் ரகசியம் காக்கத் தேவையில்லை என்றே சொல்கிறது. நான் கண்டவரை, தட்டு பறந்த கதையை நாலு பேரிடம் சொன்ன அதே டீச்சர்தான் தழும்பு விஷயத்தில் "நமக்கெதுக்கு வம்பு" என்று ஒதுங்கினார்.

மதியத் தூக்கமும் இப்படி ஒரு தீராத வழக்கு. "இங்க தூங்கிட்டா ராத்திரி பத்து மணி வரைக்கும் என் உயிரை எடுக்கிறான், தூங்க விடாதீங்க மிஸ்" என்று ஒரு அம்மா கெஞ்சுவார். விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்குக் குழந்தை நின்றபடியே கண் செருகுகிறதே, அதுவும் நியாயம்தான். நான் பாதி நேரம் தூங்கவிட்டு எழுப்புவேன். அதை அந்த அம்மாவிடம் மறைக்காமல் சொல்லியும்விடுவேன். தூங்க வைத்துவிட்டு "தூங்கவேயில்லைங்க" என்று சொல்கிறவர்களும் உண்டு. பொய்யில் தொடங்கினால் அப்புறம் அந்த அம்மா நான் சொல்லும் எதை நம்புவார்?

குறிப்பேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பிடிவாதக்காரன்" என்று எழுதுவது தீர்ப்பு. "மூன்று முறை கூப்பிட்டும் ஊஞ்சலிலிருந்து இறங்கவில்லை" என்று எழுதுவது நடந்தது. பிரிந்து வாழும் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று "நீங்களே சொல்லுங்க மிஸ்" என்று இழுக்கும்போது, கண்ணால் கண்டதை மட்டும் எழுதியவருக்குத்தான் தப்பிக்க வழி உண்டு.

ஒருவரிடம் முப்பது பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, சம்பளத்தையும் ஒழுங்காகக் கொடுக்காமல் நெறி பேசுவது எளிது என்பதும் எனக்குத் தெரியும். களைத்துப் போனவளின் நாக்குதான் முதலில் வழுக்கும். பயிற்சிக் கல்லூரியில் தொழில் நெறி என்று ஒரு பாடம் இருந்தது. மனப்பாடம் செய்தோம், மதிப்பெண் வாங்கினோம். நனைத்துக்கொள்ளும் பையனைப் பற்றிப் பக்கத்து டீச்சர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. ("அவன்கிட்டயே கேளுங்க, நல்லா மணி கோப்பான்" என்று சொல்லியிருக்கலாம். இது தோன்ற எனக்குப் பல வருடம் ஆயிற்று.)

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது உங்களுக்கு. உங்கள் இதழில் குழந்தைகளின் வேடிக்கைப் பேச்சைப் பெயர், படம், வகுப்போடு வெளியிடுகிறீர்கள். சென்ற இதழில் வந்ததில் ஒரு சிறுமி தன் வீட்டுச் சண்டையைத்தான் மழலையில் சொல்லியிருந்தாள். அனுப்பியது யாரென்று பார்த்தேன், அவளுடைய வகுப்பு ஆசிரியை. இனிமேல் பெயரும் படமும் இல்லாமல் வெளியிடுங்கள். வீட்டுச் சண்டை போன்றவற்றைப் பெயரில்லாமலும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மழலையர் பள்ளி ஆசிரியை