கண்ணாடிச் சில்லுகளைக் கலக்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடைந்த கண்ணாடியைச் சூளையில் உருக்கி அலங்காரத் தட்டு செய்வது பற்றி உங்கள் பெண்கள் பக்கத்தில் வந்த சிறு குறிப்பைப் படித்தேன். இந்த வேலையைப் பற்றித் தமிழில் யாரும் எழுதுவதே இல்லை, அதனால் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் வீட்டில் உடைந்து கிடக்கும் எந்தக் கண்ணாடியையும் ஒன்றாகப் போட்டு உருக்கலாம் என்று அதில் ஒரு வரி வந்திருக்கிறது, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அதை நம்பி யாராவது கைக்காசைப் போட்டு இறங்கினால் ஏமாந்து போவார்கள், கையையும் கிழித்துக்கொள்வார்கள்.

நான் குன்னூரில் ஆறு வருடமாக இதைச் செய்கிறேன். பொருள் எல்லாம் ஜன்னல் கண்ணாடி வெட்டும் கடைகளில் மிஞ்சுவதுதான். நம் மலையில் பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றும் வேலை வருடம் முழுக்க நடக்கிறது, ஒவ்வொரு ஜன்னலுக்கும் அளவெடுத்து வெட்டும்போது இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம் என்று ஓரத் துண்டுகள் விழுந்துகொண்டே இருக்கும். கடைக்காரருக்கு அது குப்பை. எனக்கு அதுதான் மூலப்பொருள்.

என் மூன்றாவது தட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஜன்னல் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி, நடுவில் அழகுக்காக ஒரு நீல பாட்டிலின் சில்லை வைத்தேன். சூளையிலிருந்து எடுக்கும்போது அவ்வளவு நன்றாக வந்திருந்தது, வீட்டில் எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். ஷோகேஸில் வைத்தேன். நாலாவது நாள் ராத்திரி, யாரும் தொடாமலே, டக் என்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் அந்த நீலச் சில்லைச் சுற்றி வட்டமாக விரிசல் ஓடியிருக்கிறது.

காரணம் இதுதான். சூடு ஏறும்போது கண்ணாடி நீளும், ஆறும்போது சுருங்கும், ஆனால் எல்லாக் கண்ணாடியும் ஒரே அளவு சுருங்காது. ஒரு மீட்டர் நீள ஜன்னல் கண்ணாடியை நூறு டிகிரி சூடேற்றினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீளும். அடுப்பில் வைக்கும் போரோசிலிக்கேட் பாத்திரக் கண்ணாடி அதில் பாதிகூட நீளாது. இரண்டையும் ஒன்றாக உருக்கினால் ஒட்டும், ஆனால் ஆறும்போது ஒன்று அதிகமாகச் சுருங்கி மற்றதை இழுக்கும். அந்த இழுப்பு தட்டுக்குள்ளேயே தங்கிவிடும். உடனே உடையலாம், நாலு நாள் கழித்து உடையலாம், நாலு மாதம் கழித்து ஒருவர் கையில் இருக்கும்போதும் உடையலாம். பாட்டிலுக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவு பெரிதில்லை, சில சமயம் தப்பித்துவிடும். ஆனால் எது தப்பிக்கும் என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

வெளிநாட்டில் இந்தக் கைவேலைக்கென்றே விற்கும் வண்ணக் கண்ணாடியில் 90 என்றோ 96 என்றோ ஒரு எண் போட்டிருக்கும். அந்த எண் இந்த நீளும் அளவைத்தான் குறிக்கிறது, 90-ஐயும் 96-ஐயும் கலக்கவே கூடாது. அந்தக் கண்ணாடி இங்கே வரவழைத்தால் விலை கட்டாது. ஆனால் ஒரே ஜன்னல் ஷீட்டிலிருந்து விழுந்த துண்டுகள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி, எல்லாம் ஒரே அளவு நீளும், ஒரே அளவு சுருங்கும். ஏழைக்கு ஏற்ற வழி இதுதான், நம்பகமான வழியும் இதுதான். துண்டின் ஓரத்தைப் பக்கவாட்டில் பாருங்கள், இரும்புச் சத்தால் ஒரு பச்சை தெரியும். துண்டுகளைப் படுக்க வைக்காமல் ஓரம் மேலே தெரிகிற மாதிரி நிறுத்தி அடுக்கி உருக்கினால் அந்தப் பச்சை தட்டு முழுக்க வந்துவிடும். சாயமே வேண்டாம்.

சந்தேகமான துண்டு இருந்தால் அதற்கும் சோதனை இருக்கிறது. அதில் ஒரு சின்னச் சில்லை ஜன்னல் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து உருக்கி ஆற்றுங்கள். அப்புறம் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் இரண்டை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்து, பின்னால் வரும் வெளிச்சம் இருண்டுபோகும் வரை ஒன்றைத் திருப்புங்கள். இரண்டுக்கும் நடுவில் அந்தத் துண்டை நுழைத்துப் பார்த்தால், சில்லைச் சுற்றி வெள்ளையாக ஒளி தெரிந்தால் உள்ளே இழுப்பு இருக்கிறது, அந்தக் கண்ணாடி வேண்டாம். இருட்டாகவே இருந்தால் சேர்க்கலாம்.

அடுத்து, சூட்டைப் பற்றிச் சொல்கிறேன். கேக் சுடும் ஓவனில் இது நடக்காது, அது 250 டிகிரியோடு நின்றுவிடும். ஜன்னல் கண்ணாடி ஒன்றோடொன்று முழுசாகக் கலந்து மழமழவென்று ஆக 820, 830 டிகிரி செல்சியஸ் வேண்டும். என் சூளை சின்ன மின்சூளை, 15 ஆம்பியர் பிளக்கில் ஓடுகிறது. மூன்று மில்லி கண்ணாடி இரண்டு அடுக்கு வைப்பேன், மொத்தம் ஆறு மில்லி. உருகிய கண்ணாடி தானாகவே ஆறு மில்லி கனத்துக்குத்தான் வர விரும்பும், அதைவிட மெல்லிசாக வைத்தால் ஓரம் உள்ளே இழுத்துக்கொள்ளும், கனமாக வைத்தால் வெளியே பரவும். தட்டையாக உருக்கி எடுத்தபின் இன்னொரு நாள் குழிவான அச்சின் மேல் வைத்து 700 டிகிரியை ஒட்டிச் சூடாக்கினால், வெயிலில் வைத்த வெல்லம் மாதிரி இளகி அச்சுக்குள் இறங்கும், கிண்ணம் ஆகிவிடும்.

உருக்குவதைவிட ஆற்றுவதுதான் பெரிய வேலை. மேலே போன சூட்டை 550 டிகிரிக்கு இறக்கி ஒரு மணி நேரம் அங்கேயே நிறுத்துகிறேன், தட்டு முழுக்க ஒரே சூட்டுக்கு வரட்டும் என்று. பிறகு மணிக்கு ஐம்பது, அறுபது டிகிரியாக 370 வரை இறக்கி, அதற்கப்புறம்தான் சூளையை அணைப்பது. அணைத்தாலும் கதவைத் தொடுவதில்லை, மறுநாள்தான். டிசம்பர், ஜனவரியில் இங்கே விடிகாலைக் குளிர் எப்படி இருக்கும் என்று உங்கள் வாசகர்களுக்குத் தெரியும், 200 டிகிரியில் கதவைத் திறந்து அந்தக் காற்றை உள்ளே விட்டால் இரண்டு நாள் உழைப்பு ஒரு நொடியில் போய்விடும். ஜூலை மழையில் கரண்ட் போகும்போதும் இப்படித்தான், கதவைத் திறக்காமல் விட்டுவிடுவேன். கரண்ட் வந்ததும் மெதுவாக மறுபடி 550-க்கு ஏற்றி, முதலிலிருந்து ஆற்றுவேன்.

வண்ணத்துக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். மெல்லிய செம்புத் தகட்டை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்தால் கருஞ்சிவப்பாக மாறும், ஓரத்தில் சில சமயம் நீலப்பச்சை கசியும். ஒரு சிட்டிகை சமையல் சோடாவைத் தூவினால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழ் குமிழாக உறைந்து நிற்கும். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது பெரணி. இங்கே ஓடை ஓரம் எங்கும் முளைத்துக் கிடக்கும் சின்னப் பெரணி இலையைப் புத்தகத்துக்குள் வைத்து நன்றாகக் காயவிட்டு, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து மிக மெதுவாகச் சூடேற்ற வேண்டும். புகை வெளியேற நேரம் கொடுக்காவிட்டால் பெரிய குமிழாகிவிடும். இலை எரிந்து போகும், அதன் சாம்பல் மட்டும் நரம்பு நரம்பாக வெள்ளைக் கோலம் போட்ட மாதிரி கண்ணாடிக்குள் தங்கிவிடும். அந்தத் தட்டை ஜன்னலோரம் வைத்துக் காலை வெயிலில் பார்க்கும்போது எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

சின்ன வயதில் உடைந்த வளையல் துண்டுகளை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி, இளகியதும் வளைத்து, ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலி செய்து வாசலில் மாட்டிய பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர்! எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது என் அத்தை. கண்ணாடி இளகும் என்று முதன்முதலில் பார்த்தது அந்தச் சுடரில்தான். அதனால்தான் இந்த வேலையை நம் பெண்கள் சுலபமாகப் பிடித்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன், சரியாகச் சொல்லிக்கொடுத்தால்.

பாட்டில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். காட்டில் வீசிய மதுபாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாதம் நம் நீலகிரியில்தான் முதலில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் தரும் திட்டம் வந்தது. முழு பாட்டில் அந்த வழியிலேயே போகட்டும். அதை உடைத்துத் தட்டு செய்யத் தேவையில்லை. ஆனால் ஜன்னல் கண்ணாடித் துண்டுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. சாக்கில் கட்டி, தேயிலைத் தோட்டச் சரிவிலோ ஓடைக் கரையிலோ கொட்டிவிட்டுப் போவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தச் சரிவில்தான் கொழுந்து பறிக்கும் அக்காமார்கள் கால் வைக்கிறார்கள், காட்டெருமைகளும் அதே வழியில்தான் இறங்குகின்றன. மழையில் மண் அரித்து மேலே வரும் கண்ணாடி பத்து வருடம் கழித்தும் அதே கூர்மையோடுதான் இருக்கும்.

அதனால் உங்கள் பத்திரிகை வழியாகக் குன்னூர், கோத்தகிரி, உதகை கண்ணாடிக் கடைக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வெட்டும்போது விழும் துண்டுகளை ஷீட் வாரியாகத் தனித்தனிச் சாக்கில் போடுங்கள். மூன்று மில்லி ஒன்றில், நாலு மில்லி ஒன்றில், கலர் ஷீட் ஒன்றில். முகம் பார்க்கும் கண்ணாடி தனியாக இருக்கட்டும், அதன் பின்பூச்சு சூளையில் கருகிப் புகையும். டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடாக்கி வலுவேற்றிய கண்ணாடி, உடைந்தால் கற்கண்டு மாதிரி உதிரும், அதுவும் எங்களுக்கு வேண்டும், ஆனால் தனிச் சாக்கில். கார் முன்பக்கக் கண்ணாடி மட்டும் வேண்டாம், நடுவில் பிளாஸ்டிக் இருக்கிறது. இதற்கு உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை, நாலைந்து சாக்குக்கு இடம் போதும்.

செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஓரத்தைத் தேய்க்கும்போது தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும், கண்ணாடித் தூள் நுரையீரலுக்குப் போகக் கூடாது, முகக்கவசமும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். இந்தத் தட்டுகள் பூ வைக்க, சாவி போட, விளக்கைச் சுற்றி வைக்க. சூடான சாம்பார் ஊற்ற அல்ல.

நானும் பக்கத்துத் தெருப் பெண்கள் மூன்று பேரும் சனிக்கிழமைதோறும் கடைகளுக்குப் போய்ச் சில்லு எடுத்து வருகிறோம். சாக்கைத் தனியாக வைத்திருக்கும் கடைக்கு நாங்களே வந்து தூக்கிக்கொள்கிறோம், போகும்போது கடை வாசலையும் பெருக்கிவிட்டுப் போகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குன்னூர்