மேலே பேருந்தில், கீழே நடையாக

ஸ்கிப்டன்,
வட யார்க்ஷயர், இங்கிலாந்து,
மார்ச் மாதத்து ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்துவிட்டது என்றும், வைத்தியரே உம்மை நன்றாக நடக்கச் சொல்லியிருக்கிறார் என்றும் அறிந்து பெரிதும் மகிழ்ந்தேன். நான் கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டதற்காக வருந்தி, மலைகளின் நடுவே குடியிருந்தும் இனி அவற்றைச் சன்னல் வழியாகத்தானே பார்க்கப்போகிறீர் என்று எழுதியிருந்தீர். அந்த ஒரு வரிக்கு மறுமொழி சொல்லவே இக்கடிதம் நீண்டுவிடும் போலிருக்கிறது. பார்வை மங்கி, ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பி அனுப்பி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கார் வாசலில் நின்ற இருபது ஆண்டுகளில் நடந்ததைவிட, இந்த இரண்டு ஆண்டுகளில் நான் அதிகம் நடந்திருக்கிறேன்.

காரணம் எளியது. காரில் போகிறவர் எவ்வளவு தூரம் நடந்தாலும் காரை விட்ட இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். எனவே அவருடைய நடை எப்போதும் ஒரு வட்டம். பாதி வழியிலேயே மனம் திரும்பத் தொடங்கிவிடும். பேருந்தில் போகிறவருக்கு அந்தக் கட்டு இல்லை. ஓர் ஊரில் இறங்கி, ஆற்றோடு சேர்ந்து கீழ்நோக்கி நடந்து, வேறோர் ஊரில் ஏறிக்கொள்ளலாம். ஒரு பள்ளத்தாக்கை அதன் தலையிலிருந்து கால்வரை அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நான் அடிக்கடி போகும் நடையையே சொல்கிறேன். ஸ்கிப்டனிலிருந்து கிராசிங்டனுக்கு 72 ஆம் எண் பேருந்து போகிறது. நாளில் சில முறை மட்டும் அது இன்னும் மேலே, கில்ன்ஸி, கெட்டில்வெல், ஸ்டார்பாட்டன் ஊர்களைக் கடந்து, வார்ஃப் ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் பக்டன் வரை செல்லும். கில்ன்ஸியில் சாலையை நோக்கிக் கவிழ்ந்தாற்போல் நிற்கும் சுண்ணாம்புப் பாறையைப் பார்க்க நான் எப்போதும் இடப்பக்க இருக்கையில் அமர்வேன். காரோட்டிய காலத்தில் அந்தப் பாறையை நான் ஒருமுறைகூட முழுமையாகப் பார்த்ததில்லை, ஏனென்றால் அங்கே சாலை குறுகலானது, கண் அதிலிருந்து விலக முடியாது.

பக்டனில் இறங்கினால் டேல்ஸ் வே என்னும் நெடும்பாதை ஆற்றங்கரையில் கெட்டில்வெல்லுக்கு அழைத்துச் செல்லும். இல்க்லியில் தொடங்கி ஏரி மாவட்டத்தின் போனெஸ் என்னும் ஊர் வரை ஏறத்தாழ 80 மைல் நீளும் பாதை அது. இங்கே நாம் நடப்பது அதில் நான்கு மைல், பெரும்பாலும் சமதளம். கெட்டில்வெல்லில் ஒரு தேநீர் குடித்து, உமது முழங்கால் சம்மதித்தால், மேலும் ஆறு மைல் நடந்து கிராசிங்டனை அடையலாம். இந்த இரண்டாம் பகுதியில் பாதை ஆற்றை விட்டு மேலேறி, சுண்ணாம்புக் கல் தளங்களின் மேல் போகும். சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற வெப்பக் கடலின் அடியில் படிந்து உருவான கல் அது. பிற்காலத்துப் பனிப்பாறைகள் மேல்மண்ணைச் சுரண்டிச் சென்றுவிட, மழைநீர் கல்லின் பிளவுகளை அரித்து அகலமாக்கியிருக்கிறது. அந்தப் பிளவுகளுக்குள் குனிந்து பார்த்தால், மேலே வீசும் காற்று தீண்டாத இடத்தில் பன்னங்கள் பசுமையாக வளர்ந்து நிற்கும். ஓடைகள் வழியில் திடீரென்று நிலத்துக்குள் மறைந்து, எங்கோ அடிவாரத்தில் ஊற்றாக வெளிப்படும். நம் யாழ்ப்பாணமும் சுண்ணாம்புக் கல்லின் மேல்தானே இருக்கிறது. மழை நீரெல்லாம் நிலத்தடிக்குப் போய்விடுவதால்தானே நமக்குக் கிணறுகள் உண்டு, ஆறு இல்லை. முதன்முதலாக அந்தக் கல் தளத்தில் நின்றபோது நிலாவரைக் கிணற்றுப் படிகளில் நாம் நின்ற நாள் நினைவுக்கு வந்தது. நம்முடைய கல் வயதில் மிக இளையது. ஆனாலும் நீரை ஒளித்து வைக்கும் குணம் ஒன்றே.

வழியெங்கும் கல்மதில்கள். சாந்தோ சுண்ணாம்போ இல்லாமல், இரு பக்கமும் கல்லை அடுக்கி, நடுவில் சிறு கற்களை நிரப்பி எழுப்பிய மதில்கள் அவை. ஆள் நுழையவும் ஆடு நுழையாமலிருக்கவும் ஆங்காங்கே ஒடுங்கிய இடைவெளி விட்டிருப்பார்கள். நம் ஊர் வேலியில் வைக்கும் கடப்பின் அதே தந்திரந்தான்.

இப்போது நான் கற்றுக்கொண்ட முக்கியமான விதியைச் சொல்கிறேன். பேருந்தில் தொலைவுக்குப் போய்விட்டு, வீட்டை நோக்கித்தான் நடக்க வேண்டும். முதலாண்டில் நான் இதை மாற்றிச் செய்தேன். கெட்டில்வெல்லிலிருந்து மேல்நோக்கி நடந்து, நேரத்தை மறந்து, பக்டன் நிறுத்தத்தை அடைந்தபோது கடைசிப் பேருந்து போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. கைப்பேசியில் தொடர்பும் கிடைக்கவில்லை. இருட்டத் தொடங்கிய சாலையில் திரும்பி நடந்துகொண்டிருந்த என்னை, ஆட்டுத் தீவனம் ஏற்றிவந்த ஓர் அம்மையார் தம் வண்டியில் ஏற்றிக் கிராசிங்டனில் இறக்கிவிட்டார். கீழ்நோக்கி நடந்தால் அந்தத் தவிப்பு இல்லை. ஊர் பெரிதாகப் பெரிதாகப் பேருந்துகளும் அதிகமாகும், ஒன்று தவறினால் அடுத்தது வரும்.

லண்டனில் ஒரு பேருந்து போனால் பின்னாலேயே இன்னொன்று வருவதைப் பார்த்துப் பழகிய உமக்கு இது விந்தையாக இருக்கும். 1985 ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் 1986 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது, லண்டனுக்கு வெளியே பேருந்துத் தடங்கள் நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டன. லாபம் தராத கிராமத் தடத்துக்கு உள்ளூராட்சி மன்றம் மானியம் கொடுத்தால் பேருந்து ஓடும். மானியம் நின்றால் பேருந்தும் நின்றுவிடும். லண்டனுக்கு மட்டும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. இந்த வேறுபாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது, ஏனென்றால் பேருந்து மிகவும் தேவைப்படுகிறவர்கள், கடையும் மருத்துவரும் பல மைல் தள்ளி இருக்கும் ஊர்களில் வாழும் முதியவர்கள்தாம்.

ஆனாலும் கைவிடாத மனிதர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை நாட்களிலும் லீட்ஸ் முதலிய நகரங்களிலிருந்து பள்ளத்தாக்குகளுக்கு டேல்ஸ்பஸ் என்ற பெயரில் ஓடும் பேருந்துகளில் பலவற்றை ஏற்பாடு செய்வது, லாபநோக்கமற்ற ஓர் அமைப்பின் தொண்டர்களே. ஹாஸ் என்னும் சிறுநகரில் லிட்டில் வைட் பஸ் என்றொரு சமூகப் பேருந்து இருக்கிறது. கார்ஸ்டேல் ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களை ஊருக்குக் கொண்டுவருவதும் அதுதான். கிழக்கே வட யார்க் மூர்ஸ் பகுதியில் தேசியப் பூங்கா நிர்வாகம் கைவிட்ட மூர்ஸ்பஸ்ஸை ஊர் மக்களே மீண்டும் ஓடச் செய்தார்கள். ஆகவே நான் ஏறி அமரும் ஒவ்வொரு முறையும், அந்தத் தடம் அடுத்த ஆண்டும் இருக்க வேண்டும் என்பதற்கு என் கையொப்பத்தை இடுவதாகவே எண்ணுகிறேன்.

இந்த நடைப் பழக்கத்தை வளர்த்தவர்களும் பெரும்பாலும் கார் இல்லாதவர்களே. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டருக்கு அருகே கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்தில், வேட்டைக்காகப் பெருநிலக்காரர்கள் அடைத்துவைத்திருந்த தரிசில், பெனி ராத்மன் என்னும் இளந்தொழிலாளியின் தலைமையில் சில நூறு பேர் தடையை மீறி ஏறினார்கள்; ஐந்து பேர் சிறைக்குச் சென்றார்கள். மான்செஸ்டர் தொழிலாளர்களுக்குக் கிடைத்திருந்த ஒரே ஓய்வுநாள் ஞாயிறு. திறந்த மேட்டு நிலங்களில் நாம் இன்று தாராளமாக நடக்க வழிசெய்த 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேர், அந்த மேட்டில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் உம்மை அங்கே அழைத்துச் செல்வதுதான் என் பெரிய ஆசை. ரிச்மண்டிலிருந்து 30 ஆம் எண் பேருந்து ஸ்வேல் ஆற்றோடு ரீத், கன்னர்சைட், மியூக்கர் வழியாகக் கெல்டு வரை போகிறது. அந்தப் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் முற்காலத்தில் தேவாலயம் கிடையாது. இறந்தவர்களைப் பிரம்புக் கூடைப் பெட்டிகளில் வைத்து, கெல்டிலிருந்து கிரின்டன் வரை ஏறத்தாழ 16 மைல் தோளில் சுமந்து போனார்கள். 1580 இல் மியூக்கரில் ஆலயம் எழுந்த பிறகுதான் அந்த நெடும் பயணம் ஓய்ந்தது. ஐவ்லெட் என்ற இடத்தில் ஒற்றை வளைவுப் பாலம் ஒன்றின் அருகே, பெட்டியை இறக்கிவைத்துத் தோளை ஆற்றிக்கொண்ட கல் இன்னும் கிடக்கிறது. அதைப் பார்த்தவுடன் என் வாயிலிருந்து வந்த சொல் 'சுமைதாங்கி' என்பதுதான். பக்கத்தில் நின்ற ஆங்கிலேயர் ஒருவர் அதற்கு என்ன பொருள் என்று கேட்டார். சொன்னேன், கல்லைத் தொட்டபடி நெடுநேரம் பேசாமல் நின்றார்.

கன்னர்சைட்டில் இறங்கி மியூக்கர் வரை நடந்தால் சில மைல்தான். ஜூன் கடைசியில் மியூக்கர் புல்வெளிகள் முழுவதும் பூத்திருக்கும். மஞ்சளும் ஊதாவுமாக, இடுப்பளவு புல்லில் பூ கலந்து நிற்கும். நடுவே பதித்த கற்பலகைகளின் மேல் ஒருவர்பின் ஒருவராகத்தான் போக வேண்டும், ஏனென்றால் மிதித்த புல்லை அறுக்க முடியாது, அது குளிர்காலத்து ஆட்டின் உணவு. ஜூலையில் அறுப்புத் தொடங்கிவிடும்.

வடக்கே ரோமர் கட்டிய ஹேட்ரியன் பெருஞ்சுவருக்கும் பேருந்து உண்டு. கட்டத் தொடங்கிய ஆண்டையே எண்ணாகக் கொண்டு ஏடி122, அதாவது கி.பி. 122, என்று பெயர். அதை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்வோம்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். உம்மிடமுள்ள லண்டன் ஃபிரீடம் பாஸ் என்னும் முதியோர் இலவசப் பயண அட்டை இங்குள்ள உள்ளூர்ப் பேருந்துகளிலும் வார நாட்களில் காலை 9.30 க்குப் பிறகு செல்லும். உமது மகன் கூட வந்தால், பெரும்பாலான பேருந்துகளில் ஒருவழிக் கட்டணம் 3 பவுண்டுக்கு மேல் போகாது. வழுக்காத பிடிப்புள்ள சப்பாத்தும் மழை அங்கியும் நீர் கொண்டுவந்தால் போதும். நேர அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறுவதால், புறப்படும் வாரத்தில் அதை நானே மறுபடி சரிபார்த்துவிடுவேன். ஆர்ட்னன்ஸ் சர்வே என்னும் அரசு நிலவரைபட நிறுவனத்தின் 1:25,000 அளவு வரைபடங்கள் இரண்டும், கைவிளக்கும், சம்பலும் பாணும் என் பையில் இருக்கும்.

ஜூன் மாதத்து மூன்றாம் வாரத்தில் வாரும். கிங்ஸ் கிராஸில் ரயிலேறி லீட்ஸில் மாறினால் ஸ்கிப்டன். முதல் நாள் பக்டனுக்குப் போய், உமது முழங்கால் சொல்வதைக் கேட்டுக் கெட்டில்வெல்லிலோ கிராசிங்டனிலோ நிறுத்துவோம். அது நன்றாக அமைந்தால், ரிச்மண்டில் ஓர் இரவு தங்கி ஸ்வேல்டேலுக்குப் போகலாம். தேதியை எழுதும், அறைக்கு இப்போதே சொல்லிவைக்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
உமது பழைய வகுப்புத் தோழன்