கொச்சியில் கப்பல் பயணிகளோடு நடக்கப் போகிறவனுக்கு

கோபிசெட்டிபாளையம்,
ஐப்பசி

அன்புள்ள தங்கராசு மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காங்கேயம் பக்கம் மழை நல்லாப் பிடித்ததென்று படித்ததும் மனசு குளிர்ந்தது. இங்கே தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து போகிறது, நடவு முடிந்து பயிர் பச்சை கட்டிவிட்டது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா? எழுது.

இந்த சீசனில் கோயமுத்தூர் டிராவல்ஸ்காரர்களுக்காகக் கொச்சியில் கப்பல் பயணிகளுக்கு கைடாகப் போகிறாய் என்றதும் நெம்ப சந்தோசம். எதையெல்லாம் பார்த்துக்கொள்ளணும் என்று கேட்டிருந்தாய். நேரமும் வெயிலும் கழிப்பறையும் சரியாக அமைந்தால்தான் நீ சொல்லும் வரலாறு அவர்கள் காதில் ஏறும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கப்பல் என்ன கிழமை வருகிறது என்று முதலில் பார். மட்டாஞ்சேரி டச்சு அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பரதேசி யூத ஜெப ஆலயம் சனிக்கிழமை திறக்காது, வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேலும் திறக்காது. யூதப் பண்டிகை நாட்களிலும் அடைப்புதான். மற்ற நாட்களில் காலை 10 முதல் 1 வரை, பிறகு 3 முதல் 5 வரை. ஞாயிறு காலையில் புனித பிரான்சிஸ் தேவாலயத்திலும் சாந்தா குரூஸ் பசிலிக்காவிலும் ஆராதனை நடக்கும், அந்த நேரம் கூட்டத்தோடு உள்ளே போகக் கூடாது. ஆக, வெள்ளிக்கு ஒரு வழி, சனிக்கு ஒரு வழி, ஞாயிறுக்கு ஒரு வழி என்று தனித்தனியாகத் தாளில் எழுதி வை. முந்தின நாள் போன் போட்டு நேரத்தை உறுதி செய்துகொள். பூட்டின கதவின் முன்னால் இருபது பேரை நிறுத்திவிட்டால் அன்றைக்கு முழுக்க நீ எது சொன்னாலும் எடுபடாது.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணு. கப்பல் 5 மணிக்குக் கிளம்பும் என்றால் எல்லாரும் ஏறியாக வேண்டிய நேரம் 4.30 என்று போட்டிருப்பார்கள். கப்பல் கம்பெனியே விற்ற சுற்றுலா என்றால் பஸ் தாமதமானாலும் பெரும்பாலும் கப்பல் காத்திருக்கும். தனியாக உங்களிடம் பணம் கட்டி வந்தவர்களுக்குக் காத்திருக்காது. ஆகவே முதல் வகைக்கு ஒரு மணி நேரம், இரண்டாம் வகைக்கு இரண்டு மணி நேரம் முன்னாடியே துறைமுகக் கேட்டில் இறக்கிவிடு. கப்பல் வந்து நிற்கும் வெலிங்டன் தீவிலிருந்து வெளியே வருவதும் திரும்பிப் போவதும் பாலத்தின் வழியாகத்தான். தோப்பும்படி சந்திப்பில் ஒரு லாரி நின்றுவிட்டால் போதும், அந்த ஒரு மணி நேரம் கரைந்துவிடும்.

இன்னொன்று, இதைப் பலபேர் கவனிப்பதில்லை. சில கப்பல்கள் கரையில் இருக்கும்போதும் கப்பல் நேரத்தை மாற்றுவதில்லை. மாலத்தீவு நேரம் நமக்கு அரை மணி பின்னால், துபாய் நேரம் ஒன்றரை மணி பின்னால். பயணியின் செல்போன் இந்திய நேரத்துக்குத் தானாக மாறியிருக்கும், கைக்கடிகாரம் கப்பல் நேரத்தில் நிற்கும். பஸ்ஸில் ஏறியதும் உன் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டி, "இன்று முழுக்க இந்த நேரம்தான்" என்று சொல்லிவிடு.

துறைமுகக் கேட்டில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை நிற்கும், பாஸ் இல்லாமல் உன்னை உள்ளே விடாது. பாஸை டிராவல்ஸ்காரர்கள் முன்கூட்டியே வாங்கித் தரணும். பயணிகள் ஒவ்வொருவரும் கப்பல் அட்டை, குடிநுழைவு முத்திரை போட்ட இறங்கு சீட்டு, பாஸ்போர்ட் நகல் மூன்றும் கையில் வைத்திருக்கணும். வெளிநாட்டிலிருந்து நேராக வரும் கப்பல் என்றால் குடிநுழைவு வரிசையே ஒரு மணி நேரம் தின்றுவிடும். கப்பல் 8 மணிக்குக் கரை சேர்ந்தது என்பதற்காக 8.30-க்கு நடை தொடங்கும் என்று நினைக்காதே. 9.15 என்று வைத்துக்கொள்.

ஒரு கைடுக்கு இருபது பேருக்கு மேல் வேண்டாம். வரிசையின் கடைசியில் உன் ஆள் ஒருத்தர் வரணும். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. பஸ் எண் ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டு, ஒவ்வொரு முறை ஏறும்போதும் தலையை எண்ணு. காதில் மாட்டும் கருவி கொடுப்பார்கள். பக்கத்துக் கூட்டமும் அதே சானலில் இருந்தால் இரண்டு கைடுகளின் பேச்சும் ஒட்டுக்கா விழும். ஆகவே கிளம்பும் முன்பே மற்ற கைடுகளோடு சானலைப் பிரித்துக்கொள். பேட்டரி எச்சாக வை.

கழிப்பறைக் கணக்கைக் கட்டாயம் போடு. இருபது பேர், இரண்டு அறை, ஆளுக்கு மூன்று நிமிசம் என்றால் அரை மணி நேரம் போய்விடும். அது உன் நடையில் கால்வாசி. கோட்டைக் கொச்சியில் ஒரு ஹோட்டலிலும் மட்டாஞ்சேரியில் ஒரு காபிக் கடையிலும் பேசி வைத்து, பத்துப் பத்துப் பேராகப் பிரித்து அனுப்பு. முதல் பத்துப் பேர் போயிருக்கும்போது மீதிப் பேருக்கு நீ சொல்ல வேண்டிய கதையைச் சொல்லு, பிறகு மாற்று.

இப்போது வழி. இரண்டு பஸ் இருந்தால் இரண்டையும் ஒரே பக்கம் விடாதே. ஒன்று 9.15-க்கு நேராக டச்சு அரண்மனைக்குப் போகட்டும், அது முடியும்போது பக்கத்திலேயே ஜெப ஆலயம் திறந்துவிடும். மற்றது கோட்டைக் கொச்சியில் தொடங்கி 11 மணிக்கு மேல் மட்டாஞ்சேரி வரட்டும். 1 மணிக்கு அடைப்பதற்குள் அவர்களும் பார்த்துவிடலாம். ஜெப ஆலயம் சின்ன இடம், நாற்பது பேர் சேர்ந்து நுழைந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது.

கோட்டைக் கொச்சியில் சீன வலை, புனித பிரான்சிஸ், பரேட் மைதானம், பிரின்சஸ் தெரு, சாந்தா குரூஸ். அவ்வளவு போதும். உனக்கு இருபது நிமிச நடை, எழுபது வயசுக்காரருக்கு நாற்பது நிமிசம். ஓடைமேல் போட்ட பலகைக் கற்கள் ஏறியும் இறங்கியும் இருக்கும். அங்கே முதலில் நீ நின்று கையைக் காட்டு. பேசுகிற இடமெல்லாம் மழைமரத்தடியாகப் பார்த்துக்கொள். அந்தப் பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் கோட்டைக் கொச்சிக்குக் கிடைத்த வரம். நீ வெயிலைப் பார்த்து நில், அவர்கள் முகத்தில் வெயில் படக் கூடாது. துலா மாதத்தில் மத்தியானத்துக்கு மேல் இடி மழை வரும், அதனால் நடை முழுக்கக் காலையிலேயே முடியட்டும்.

சீன வலையை இழுப்பவர்கள் கூப்பிட்டு இழுக்கச் சொல்வார்கள், பிறகு காசு கேட்பார்கள். அது அவர்கள் பிழைப்பு. எவ்வளவு கொடுப்பது என்று பயணிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் சண்டை இல்லை. ஒரு வலைக்கு நாலைந்து பேர் வேண்டும், மறுமுனையில் கயிற்றில் கட்டித் தொங்கும் கற்கள்தான் எடையைச் சமன் செய்கின்றன. ஒவ்வொரு கல்லாக எழும்புவதைக் காட்டு. சீனர் கொண்டுவந்தது என்ற பேச்சு உண்டு. சீனக் கரையிலுள்ள மக்காவ் துறைமுகத்திலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது என்ற பேச்சும் உண்டு; உறுப்புகளின் பெயர்கள் போர்ச்சுகீசியச் சொற்களாக இருப்பதை அதற்குக் காரணம் காட்டுவார்கள். இரண்டையும் சொல்லு, ஒன்றை மட்டும் அடித்துச் சொல்லாதே.

"கோட்டை எங்கே?" என்று கட்டாயம் கேட்பார்கள். 1503-இல் போர்ச்சுகீசியர் தொடங்கியது, 1663-இல் டச்சுக்காரர் கைக்குப் போனது, 1795-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள்; 1806-இல் சுவர்களை இடித்தார்கள். இப்போது இருப்பது சிதைவுகள்தான். இதே மூன்று கை மாறினதைப் புனித பிரான்சிஸ் தேவாலயம் ஒரே கூரையின் கீழ் காட்டும். கத்தோலிக்கர் கட்டினது, டச்சுச் சீர்திருத்தச் சபைக்குப் போனது, ஆங்கிலிக்கன் ஆனது, இப்போது தென்னிந்தியத் திருச்சபை. சுவரில் பதித்த கல்லறைக் கற்களில் ஒரு பக்கம் போர்ச்சுகீசியம், எதிர்ப்பக்கம் டச்சு. வாஸ்கோ ட காமா 1524-இல் கொச்சியில் இறந்து இங்கே அடக்கம் செய்யப்பட்டார், உடலைப் பிறகு போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். இதைக் கல்லைக் காட்டும் முன்பே சொல்லிவிடு. மேலே தொங்கும் துணி விசிறிகளைக் காட்ட மறக்காதே. கயிறு சுவரின் துளை வழியாக வெளியே போகும், வெயிலில் நின்று இழுத்தது வேலைக்காரர்கள்.

நேரம் மிச்சமிருந்தால் வெளி என்கிற பகுதியில் இருக்கும் தோபிக் கானாவுக்கு (சலவைக்கூடம்) கூட்டிப் போ. அங்கே துவைப்பவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். பட்டாளத்துத் துணி துவைக்க நம் பக்கத்திலிருந்து கொண்டுபோன வண்ணார்களின் வழிவந்தவர்கள். கிளிப் எதுவும் போடாமல், முறுக்கின கயிற்றின் பிரிகளுக்குள்ளேயே துணி முனையைச் செருகிக் காயவைப்பார்கள். முதலில் அவர்களிடம் தமிழில் அனுமதி கேள், பிறகுதான் கேமரா. உழைக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்க விடாதே, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மட்டாஞ்சேரி அரண்மனை போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது, டச்சுக்காரர் 1663-க்குப் பிறகு புதுப்பித்தார்கள், பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. ராமாயணச் சுவரோவியங்களில் ஒரே ஒரு காட்சியை எடுத்து நிதானமாக விளக்கு. எல்லாவற்றையும் விளக்கினால் ஒன்றும் நிற்காது. 1568-இல் கட்டின ஜெப ஆலயத்தில் செருப்பைக் கழற்றணும், தோளும் முழங்காலும் மூடியிருக்கணும். பையில் நாலைந்து துண்டும், கால் எரிச்சல்காரர்களுக்குச் சாக்ஸும் வை. தரையின் நீலச் சீன ஓடுகள் கையால் வரைந்தவை. அங்கே நீ ஆசையோடு சொல்ல வேண்டியது செப்பேட்டுக் கதை. ஏறக்குறைய கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு எழுபத்திரண்டு விடுபேறு (சிறப்புரிமை) கொடுத்து வட்டெழுத்தில் வெட்டியது. எழுத்து பழசு, நம்மால் வாசிக்க முடியாது; ஆனால் மொழி தமிழுக்கு நெருக்கமானது.

கதைக்கு ஒரே நூலைப் பிடி என்றால் நான் மிளகைத்தான் சொல்வேன். போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் வந்தது அதற்காக. அதற்கு ஆயிரத்தைந்நூறு வருசம் முன்னாலேயே ரோமர்கள் கொடுங்கல்லூர்ப் பக்கத்து முசிறிக்கு வந்தார்கள். அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் கரூருக்குப் பாதை. ஏறக்குறைய 30 கி.மீ. அகலத் திறப்பு அது. உன் ஊருக்குப் பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் தோண்டினார்கள், நொய்யல் கரைக் கொடுமணலில் மணியாகக் கோத்தார்கள், வெள்ளலூரில் ரோமக் காசு புதையலாகக் கிடைத்தது. கொங்கு நாட்டுக்காரன் நீ இதைச் சொன்னால், துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு நாடே இருக்கிறது என்று அவர்களுக்கு விளங்கும். 1341 வெள்ளத்தில் முசிறி தூர்ந்து கொச்சிக் கழிமுகம் திறந்தது என்பார்கள். வெலிங்டன் தீவோ துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காலத்தில் தோண்டின மண்ணைக் கொட்டி உண்டாக்கினது. கப்பல் வந்து நின்ற இடமே ஆள் உண்டாக்கின நிலம் என்று பஸ்ஸில் வரும்போதே சொல்லிவிடு.

கடை விசயம். கமிசனுக்காகக் கடை கடையாக இழுக்காதே. யூதத் தெருவில் இருபது நிமிசம் விடு, போதும். மிளகில் 4.25 மி.மீ.க்கு மேல் பருமனானதுதான் தலச்சேரி எக்ஸ்ட்ரா போல்டு ரகம் என்று சொல்லிக்கொடு. கப்பல் ஆஸ்திரேலியா போகிறதென்றால் விதையும் செடியும் வாங்க வேண்டாம் என்று எச்சரி, அங்கே சோதனை கடுமை.

பையில் ஆளுக்கு அரை லிட்டர் பாட்டில் இரண்டு வீதம் கணக்குப் போட்டு பஸ்ஸில் ஏற்று. ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பிளாஸ்திரி, இரண்டு குடை. பேச்சு குழறினாலோ வேர்ப்பது நின்றாலோ கதையை நிறுத்திவிட்டு அந்த ஆளை நிழலுக்குக் கொண்டுபோய் ஈரத்துணி போட்டு ஆம்புலன்சுக்குச் சொல். அப்போது மற்றவர்களைக் கடைசி ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.

முதல் கப்பலுக்கு முன் ஒரு காலை அங்கே போய் அதே நேரத்தில் மெதுவாக நடந்து பார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிழல் எந்தப் பக்கம், உட்கார எங்கே இடம், எத்தனை நிமிசம் என்று குறித்துக்கொள். அந்தத் தாளை எனக்கு அனுப்பு, பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன். தங்கச்சியையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சென்னியப்பன்